டாம் பாம்படிலை எந்த வரிசையில் படிப்பது: மிகுபுனைவின் பிடிபடாத பாத்திரங்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வாசிப்புக் குழுவில் டாம் பாம்படிலை மூன்று முறை எடுத்துப் பேசியிருக்கிறோம். மூன்று முறையும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் "அவர்தான் கடவுள்" என்பார். இன்னொருவர் "இல்லை, இயற்கையின் ஆவி" என்பார். மூன்றாமவர் கைப்பேசியை எடுத்து ஆசிரியரின் கடிதம் ஒன்றை வாசித்துக் காட்டுவார். அதற்குப் பிறகு யாரும் புத்தகத்தைத் திறக்க மாட்டார்கள்.

மூவர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. பிழை இருந்தது வரிசையில். கடைசியில் கேட்க வேண்டிய கேள்வியை முதலில் கேட்டுவிட்டார்கள். ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில் வரும் இந்த மஞ்சள் பூட்ஸ்காரரை வைத்தே முறையைச் சொல்கிறேன். மிகுபுனைவில் வாசகர்களை இவ்வளவு அலைக்கழித்த பாத்திரங்கள் குறைவு. பழகிக்கொள்ள ஏற்ற ஆள். நாவலை ஒருமுறையாவது முடித்தவர்களுக்காக எழுதுகிறேன், கதை முடிவுகள் வெளிப்படும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நாவலின் ஆங்கில மூலம் வேண்டும். சுருக்கமோ படமோ போதாது. இந்தப் பாத்திரத்தின் சிக்கல்களில் பாதி இரண்டு மூன்று சொற்களில் தொங்குகிறது. அந்தச் சொற்கள் எந்த இடத்தில், எந்த வாக்கியத்துக்குப் பிறகு வருகின்றன என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒரு நோட்டு. பக்கத்தை நான்கு கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: இடம், யார் சொன்னது, என்ன நடந்தது அல்லது சொல்லப்பட்டது, என் குறிப்பு. நான்காவது கட்டத்தை 7ஆம் படி வரை காலியாக விடுங்கள். கை அரிக்கும், தெரியும். கருத்து எழுதிய கை அதற்குப் பிறகு அந்தக் கருத்துக்குப் பொருந்தும் வரிகளை மட்டும்தான் பொறுக்கும்.

1977இல் வந்த 'தி சில்மரில்லியன்', 1981இல் வந்த டோல்கீன் கடிதத் தொகுப்பு, மகன் கிறிஸ்டோபர் 1988இல் வெளியிட்ட முதல் வரைவுகள் ஆகிய மூன்றும் பயன்படும். ஆனால் இப்போதைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

1. 'யார்?' என்பதை நான்காக உடையுங்கள்

"டாம் பாம்படில் யார்?" பார்க்க ஒரு கேள்வி, உள்ளே நான்கு. கதையுலகத்தில் அவர் எந்த இனம்? கதை நடப்பில் அவருக்கு என்ன வேலை? ஆசிரியரின் மேசைக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார்? வாசிக்கும் நமக்கு அவர் என்னவாகப் படுகிறார்?

நான்கையும் நோட்டின் முதல் பக்கத்தில் தனித்தனியாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் சான்று வேறு இடத்தில் கிடக்கிறது. முதல் இரண்டுக்கு நாவல். மூன்றாவதற்குக் கடிதமும் வரைவும். நான்காவதற்கு நீங்களேதான். "அவர் இயற்கையின் குறியீடு" என்று ஒருவரும் "அவர் மையாராக (டோல்கீன் புராணத்தில் சிறு தேவர் இனம்) இருக்க முடியாது" என்று இன்னொருவரும் இரவு பன்னிரண்டு வரை வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் நான்காவது கேள்விக்குப் பதில் சொல்கிறார், மற்றவர் முதல் கேள்விக்கு. அவர்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது.

2. எல்லா இடங்களையும் திரட்டுங்கள், அவர் இல்லாத இடங்களையும் சேர்த்து

முதல் புத்தகத்தின் 6, 7, 8ஆம் அத்தியாயங்களோடு எல்லோரும் நின்றுவிடுவார்கள். பழங்காடு, அவருடைய வீடு, கல்லறை மேடுகள். கதைக் கணக்கில் செப்டம்பர் 26 முதல் 29 வரை நான்கே நாள். ஆனால் அவர் பெயர் அதற்குப் பிறகும் வருகிறது, பெரிய விஷயங்கள் அங்கேதான் இருக்கின்றன.

இரண்டாம் புத்தகத்தின் 2ஆம் அத்தியாயத்தில் எல்ரோண்டின் ஆலோசனைக் கூட்டம். அணிபவரை மறைத்து, மனத்தையும் பிடித்துக்கொள்ளும் அந்த மோதிரத்தை அவரிடமே கொடுத்து வைக்கலாமா என்று பேசுகிறார்கள். ஷெலாபின் குகையில், கும்மிருட்டில், கல்லறையிலிருந்து வந்த வாளின் கைப்பிடியைத் தொட்ட ஹாபிட் சாம், டாம் கிழவர் பக்கத்தில் இருந்தால் தேவலை என்று நினைக்கிறான். ஊர் திரும்பும் வழியில் மந்திரவாதி காண்டால்ஃப் பாம்படிலோடு நெடுநேரம் பேசப் போவதாகச் சொல்லிப் பிரிகிறார். கடைசி அத்தியாயத்தில் கப்பலிலிருந்து, மோதிரத்தைச் சுமந்த ஹாபிட் ஃப்ரோடோ காணும் காட்சியில், மழைத்திரை விலகித் தூரத்தில் பசுமையான நாடு தெரிகிறது. பாம்படில் வீட்டில் கண்ட கனவைப் போலவே என்று கதைசொல்லியே அங்கே அவர் பெயரைச் சொல்கிறார்.

அந்தக் கடைசி வரியைத் தவறவிட்டவர்கள்தான் "மூன்று அத்தியாயம் வந்து போகும் கோமாளி" என்கிறார்கள். ஆயிரம் பக்கத்துக்கு அப்பால் நாவலின் முடிவை முன்கூட்டியே காட்டிய கனவு அவர் கூரையின் கீழ் வந்தது. தாளில் இந்த வரிசை இல்லாவிட்டால் இனி வரும் எந்தப் படியும் உருப்படாது.

3. சாட்சியை எடை போடுங்கள்

இரண்டாவது கட்டத்தை இப்போது நிரப்புங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் சொன்னவர் யார், நேரில் பார்த்தவரா, கேள்விப்பட்டவரா?

"நானே மூத்தவன், ஆறும் மரமும் வருமுன்பே இங்கே இருந்தேன், முதல் மழைத்துளி நினைவிருக்கிறது" என்ற பொருளில் சொல்வது டாம் தானே. அது வாக்குமூலம். தந்தையில்லாதவர், மிக மூத்தவர் என்ற பொருள் தரும் யார்வைன் பென்-அடார் என்ற எல்ஃப் பெயரைச் சொல்வது எல்ரோண்ட். அவரோ அந்த ஆளை மறந்தே போயிருந்ததாகவும், பழைய நாளில் காட்டில் திரிந்தவரும் இவரும் ஒருவர்தானா என்றும் சந்தேகத்தோடே பேசுகிறார். பாம்படில் கதைகளுக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டும் சாட்சி அவ்வளவு உறுதியானதல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கதைசொல்லியையும் விட்டுவிடாதீர்கள். நாவலின் பாவனைப்படி இது ஹாபிட்கள் எழுதி வைத்த சிவப்பு நூலிலிருந்து வருவது. அப்படியானால் டாம் வீட்டில் நடந்ததெல்லாம் களைத்துப்போன, விருந்துண்ட, பாட்டில் கிறங்கிய நான்கு ஹாபிட்களின் பார்வை. பொய்யென்று ஒதுக்கச் சொல்லவில்லை, அளவு தெரிந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

4. நடந்ததையும் நினைத்ததையும் பிரியுங்கள்

புதியவர்கள் மிக அதிகமாக வழுக்கும் இடம் மோதிரக் காட்சி. அதை ஒரு காவலரின் அறிக்கை போல வரிசையாக எழுதிப் பாருங்கள்.

டாம் மோதிரத்தைக் கேட்கிறார். ஃப்ரோடோ, தனக்கே வியப்பாக, உடனே கொடுத்துவிடுகிறான். அவர் அதைக் கண்ணருகே வைத்து வளையத்தின் வழியே பார்க்கிறார். சுண்டுவிரல் நுனியில் போட்டு மெழுகுவத்தி வெளிச்சத்தில் நீட்டுகிறார், மறையவில்லை. மோதிரத்தைச் சுண்டி மேலே எறிகிறார். அது ஒரு மின்னலோடு காணாமல் போகிறது. பிறகு சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுக்கிறார். அசல் மோதிரம்தானா என்று ஃப்ரோடோவுக்குச் சந்தேகம். போட்டுப் பார்க்கிறான், மற்ற ஹாபிட்களுக்கு மறைகிறான். டாம் மட்டும் அவனைப் பார்த்து, எங்கே கிளம்பிவிட்டாய், கழற்று என்கிறார்.

நடந்தது இவ்வளவுதான். "டாம் மோதிரத்தை விடப் பலசாலி" என்பது நடந்ததல்ல, நாம் நினைத்தது. அப்படி நினைக்கும் வாசகரை நாவலே திருத்துகிறது. கூட்டத்தில் ஒருவர் கிட்டத்தட்ட அதையே சொல்ல, காண்டால்ஃப் மறுக்கிறார்: மோதிரத்துக்கு அவர் மேல் பிடி இல்லை என்று வேண்டுமானால் சொல்லுங்கள், மோதிரத்தை மாற்றவோ, மற்றவர் மேல் அதற்குள்ள பிடியை உடைக்கவோ அவரால் முடியாது. கொடுத்து வைத்தால் மறந்துவிடுவார், தூக்கியும் எறிந்துவிடலாம்.

இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரியது. குடிப்பழக்கம் இல்லாத ஒருவர் சாராயத்தை வென்றவர் அல்ல, அவருக்கு அது வெறும் புட்டி. பாம்படிலுக்கும் மோதிரத்துக்கும் உள்ள உறவு அந்த மாதிரி. மந்திர பலத்தின் ஏணியில் அவரை எந்தப் படியில் ஏற்றலாம் என்று தேடுவோர் இந்த இடத்திலேயே வழி தவறிவிடுகிறார்கள். அவர் ஏணியிலேயே ஏறவில்லை.

இதே முறையில் அவரால் முடியாதவற்றையும் எழுதுங்கள், யாரும் எழுதுவதில்லை. கிழக்கே போகப் போகத் தன் அறிவு எட்டாது, கறுப்பு நாட்டுக் குதிரைவீரர்களுக்குத் தான் எசமானன் அல்ல என்று அவரே சொல்கிறார். ஹாபிட்கள் நாட்டுச் செய்தி அவருக்குப் பெரும்பாலும் மேகட் என்ற விவசாயி வழியாகத்தான் வந்தது. கூப்பிட்ட குரல் கேட்டுத்தான் வந்தீர்களா என்று ஃப்ரோடோ கேட்கும்போது, தற்செயல்தான் கொண்டுவந்தது, அதைத் தற்செயல் என்று சொல்லலாமென்றால் என்கிறார். அன்றைக்கு அவர் வந்த வேலை மனைவிக்கு அல்லிப்பூ பறிப்பது.

5. சொல்லை மூலத்தில் படியுங்கள்

ஃப்ரோடோ டாமின் மனைவி கோல்ட்பெரியிடம் டாம் பாம்படில் யார் என்று கேட்கிறான். அவள் சொல்லும் முதல் பதில் ஆங்கிலத்தில் இரண்டே சொல்: 'ஹீ இஸ்'. கடவுள் கட்சி முழுக்க இந்த இரண்டு சொல்லின் மேல் கட்டப்பட்டது.

தமிழ் வாசகருக்கு இங்கே கூடுதலாக ஒரு கண்ணி இருக்கிறது. "அவர் ஆசிரியர்" என்று சொல்ல நமக்கு இடையில் வினை தேவையில்லை. ஆங்கிலத்துக்கு 'இஸ்' வேண்டும். அதனால் ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொல்லை முடியாத வாக்கியமாகவும் கேட்கலாம், முடிந்த வாக்கியமாகவும் கேட்கலாம். தமிழில் மனத்துக்குள் பெயர்க்கும்போதே நாம் ஒன்றைத் தேர்ந்துவிடுகிறோம். "அவர் இருக்கிறார்" என்று பெயர்த்தால், தமிழ் பைபிளில் யாத்திராகமத்தின் "இருக்கிறவராக இருக்கிறேன்" காதில் விழுந்துவிடும். எங்கள் குழுவில் ஒரு நண்பர் அப்படித்தான் போனார். "அவர் அவர்தான்" என்று பெயர்த்தால் தெய்வ வாடையே அடிக்காது. இதில் 'அவர்' என்ற மரியாதை வேறு நாமே சேர்த்தது.

ஆகவே மூலத்தில் அடுத்த வாக்கியத்தைப் படியுங்கள். ஃப்ரோடோ விழிப்பதைப் பார்த்து அவள் தொடர்கிறாள்: நீ பார்த்தபடியே இருப்பவர் அவர், காட்டுக்கும் நீருக்கும் குன்றுக்கும் எசமானர். அப்படியானால் இந்த நிலமெல்லாம் அவருக்குச் சொந்தமா என்கிறான். இல்லவே இல்லை, அது பெரும் பாரமாகிவிடும் என்கிறாள். எசமானர், ஆனால் உடைமையாளர் அல்ல. முதல் இரண்டு சொல்லை மட்டும் வெட்டி எடுத்துப் போகிறவர்கள் விட்டுச்செல்வது இதைத்தான், பதிலின் கனமான பாதியை.

இன்னொரு சின்ன வேலை. டாம் பேசுவதை வாய்விட்டுப் படியுங்கள். உரைநடை போல அச்சிட்டிருந்தாலும் பெரும்பாலும் சந்தத்தில் ஓடும். இவருக்குப் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே வேலி இல்லை. கண்ணால் மட்டும் படித்தால் இது தெரியாது. பழங்காட்டில் கிழட்டு வில்லோ மரத்தை அடக்கவும், கல்லறைப் பேயை விரட்டவும் பாட்டே அவருக்குப் போதுமாக இருப்பது ஏன் என்பதும் புரியாது.

6. முரணை இஸ்திரி போடாதீர்கள்

பட்டியல் நிறைந்ததும் ஒன்றோடொன்று இடிக்கும் வரிகள் தென்படும். முக்கியமானது 'மூத்தவர்' சிக்கல். டாம் தன்னை மூத்தவன் என்கிறார். ஆனால் காண்டால்ஃப் பின்னொரு இடத்தில், சூரியனுக்குக் கீழே இன்னும் நடமாடும் உயிர்களில் மூத்தவர் மர மேய்ப்பரான ட்ரீபேர்ட் என்கிறார். கதை முடியும் தறுவாயில் எல்ஃப் தலைவர் கெலபோர்னும் ட்ரீபேர்டை, டாம் தனக்குச் சொல்லிக்கொண்ட அதே ஆங்கிலச் சொல்லால்தான் அழைக்கிறார்.

புதியவர்கள் உடனே சமாதானம் தேடுவார்கள். 'உயிர்' என்றால் டாம் அதில் சேர மாட்டார். அல்லது காண்டால்ஃப் ஒரு பேச்சுக்குச் சொன்னார். அல்லது ஆசிரியர் மறந்துவிட்டார். மூன்றும் சாத்தியம். மூன்றையும் எழுதுங்கள், ஒன்றையும் தேர்ந்துவிடாதீர்கள். டாம் பிறந்து வளர்ந்த 'உயிர்' வகையில் சேராதவர் என்ற முதல் சமாதானம் உண்மையானால் அது முழு வாசிப்பையும் மாற்றும். அத்தனை எடையை ஒரே ஒரு வரி தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

நம் உரை மரபிலேயே இதற்கு எச்சரிக்கை உண்டு. தொலைவில் கிடக்கும் சொற்களைக் கொண்டுவந்து கூட்டிப் பொருள் சொல்வதில் நச்சினார்க்கினியர் சூரர். அந்தத் திறமையை வியந்தவர்களே அதை வலிந்து பொருள்கொள்வது என்றும் குறை சொன்னார்கள். அவ்வளவு பெரிய ஆளுக்கே அந்தப் பெயர் வந்தது என்றால், மூன்றாம் புத்தகத்திலிருந்து ஒரு வரியையும் கடிதத்திலிருந்து அரை வரியையும் பிடுங்கி ஒட்டும் நாம் எம்மாத்திரம்?

7. அவரை நீக்கிவிட்டுக் கதையை ஓட்டுங்கள்

இப்போது நான்காவது கட்டத்தைத் திறக்கலாம். கேள்வி இது: அவர் இல்லாவிட்டால் எது நடக்காது?

2001இல் வந்த திரைப்படம் இந்தச் சோதனையை நமக்காகச் செய்துவிட்டது. டாம் இல்லை, படம் ஓடியது. அதை வைத்து "பாருங்கள், தேவையில்லாத ஆள்" என்பார்கள். நாவலில் அவ்வளவு எளிதல்ல. கல்லறை மேட்டிலிருந்து ஹாபிட்களுக்கு வாள் எடுத்துக் கொடுத்தவர் டாம். அங்மார் அரசனை எதிர்த்துப் போரிட்ட மனிதர்கள் பழங்காலத்தில் அடித்த வாள்கள் அவை. பெலென்னோர் போரில் அந்த அரசனே, கறுப்புக் குதிரைவீரர்களான நாஸ்கூலின் தலைவனாக, மெர்ரியின் வாளால் குத்துப்படுகிறான். வேறெந்த வாளும் அவனுக்கு அப்படியொரு காயத்தைத் தந்திருக்காது என்று நாவல் வெளிப்படையாகச் சொல்கிறது. படம் வாள்களுக்கு வேறு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, இந்தத் தொடர்பும் அறுந்தது.

நடப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மோதிரத்தைப் பார்த்த முக்கியமானவர்களெல்லாம் ஆசைப்படுகிறார்கள் அல்லது பயப்படுகிறார்கள். காண்டால்ஃப் தன்னிடம் வைத்துக்கொள்ளவே அஞ்சுகிறார். கலாட்ரியல் சோதனையைக் கடந்து மறுக்கிறார். போரோமிர் விழுகிறான். இந்தப் பட்டியலில் டாம் ஒருவர்தான் அதை வைத்து வித்தை காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். மோதிரத்தின் ஆசை எல்லா மனத்துக்கும் பொருந்தும் விதி அல்ல என்பதற்கு நாவலில் உள்ள ஒரே நேர்ச்சான்று அவர். அவரை எடுத்துவிட்டால் வாசகர் அதிகார ஆசையைப் புவியீர்ப்பு போன்ற இயற்கை விதி என்றே முடிவு கட்டிவிடுவார்.

விளக்கங்களுக்குப் போகும் முன் இதை ஏன் செய்ய வேண்டும் என்றால், எந்த விளக்கமானாலும் இந்த வேலையை விளக்கியாக வேண்டும். இனப்பெயரைச் சரியாகச் சொல்லி இதை விளக்காமல் விடும் கொள்கை பயனற்றது.

8. கொள்கைகளை ஒவ்வொன்றாகக் கொல்லப் பாருங்கள்

உங்களுக்குப் பிடித்த கொள்கைக்கு ஆதரவு தேடாதீர்கள், அது எப்போதும் கிடைக்கும். எந்த வரி அதைக் கொல்லும் என்று தேடுங்கள். இப்போதுதான் 'தி சில்மரில்லியன்' அலமாரியிலிருந்து இறங்கலாம். இனங்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன.

படைப்பவனான எரூ: இதைக் கொல்லும் வரி கூட்டத்திலேயே இருக்கிறது. மற்றதெல்லாம் வீழ்ந்தால் முடிவில் பாம்படிலும் வீழ்வார், முதலில் வந்தவர் கடைசியில் போவார் என்கிறார் எல்ஃப் க்ளோர்ஃபின்டெல். வீழக்கூடிய, கிழக்கே அறிவு எட்டாத, விவசாயியிடம் செய்தி கேட்கும் எரூ எரூவே அல்ல. படைப்பவன் இந்தப் புராணத்தில் எங்கும் உருவெடுத்து வருவதில்லை என்று டோல்கீன் ஒரு கடிதத்தில் சொல்லியும் இருக்கிறார். அந்தக் கடிதம் இல்லாமலே கொள்கை விழுந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

மையார்: இதைக் கொல்ல வரி கிடைக்காது. ஆனால் வேறு குறை. காண்டால்ஃப், சாருமான், சவுரான் மூவரும் மையார்தான். ஒருவர் மோதிரத்துக்கு அஞ்சுகிறார், ஒருவர் ஏங்குகிறார், ஒருவர் அதைச் செய்தவரே. "டாமும் மையார்" என்றால் அவருக்கு மட்டும் மோதிரம் விளையாட்டுப் பொருளாக இருப்பது எப்படி என்ற கேள்வி அப்படியே மிஞ்சுகிறது. பெயர் ஒட்டியாயிற்று, விளக்கம் வரவில்லை. இப்படிப்பட்ட கொள்கையை 'செத்தது' என்று எழுதாமல் 'வேலை செய்யாதது' என்று எழுதுங்கள்.

வாலார் (மையாருக்கு மேலான பெரும் தேவர்கள்) ஒருவர், குறிப்பாக உலோகத்தொழில் தெய்வமான அவுலே: கெட்டிக்காரத்தனமான வாதம். சவுரானும் சாருமானும் ஆதியில் அவுலேயைச் சேர்ந்தவர்கள். ஆசானுக்குச் சீடன் செய்த நகை வேடிக்கையாகத் தெரியாதா என்பது. முதல்முறை கேட்டபோது நானும் தலையாட்டினேன். ஆனால் காண்டால்ஃப் சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: அவரால் மோதிரத்தை மாற்ற முடியாது, வைத்திருந்தால் மறந்துவிடுவார். பொருள்களைச் செய்வதிலேயே உயிராக இருக்கும் கொல்லன், இதுவரை வார்க்கப்பட்ட மோதிரங்களிலேயே பெரியதை எங்கோ வைத்து மறப்பானா? பாம்படில் எதையும் செய்வதில்லை. அவர் பார்க்கிறார், பெயரிடுகிறார், பாடுகிறார்.

நிலத்தின் ஆவி: பகைவனை எதிர்க்கும் வலிமை அவரிடம் இல்லை, அந்த வலிமை மண்ணிலேயே இருந்தால் ஒழிய என்று கூட்டத்தில் எல்ஃப் தூதர் கால்டோர் சொல்வது இதற்கு நெருக்கம். கொல்லும் வரி எனக்குக் கிடைக்கவில்லை. இடறும் வரி ஒன்று உண்டு: தானே வகுத்துக்கொண்ட எல்லைக்குள் அவர் இப்போது ஒதுங்கிவிட்டார் என்கிறார் காண்டால்ஃப். நிலமே அவர் என்றால் எல்லையை வகுத்துக்கொள்வது யார்? என் எடைபோடலில் இது மிச்சமிருப்பவற்றில் நல்லது. நிரூபிக்கப்பட்டது என்று சொல்லமாட்டேன்.

வாசகர்தான் டாம், டோல்கீன்தான் டாம் என்றெல்லாம் இன்னும் பல உண்டு. அவை முதல் கேள்விக்கான பதில்களே அல்ல. நான்காவது கேள்வியின் பக்கத்துக்கு மாற்றிவிட்டு நகருங்கள்.

9. ஆசிரியரின் காகிதங்களைத் தேதி வரிசையில் திறங்கள்

கடிதத்தை இத்தனை நேரம் மூடிவைத்ததற்குக் காரணம், முதலிலேயே படித்தவர் நாவலைக் கடிதத்துக்கு அடிக்குறிப்பாகப் படிப்பார். நாவலைச் சலித்து முடித்தவருக்குக் கடிதம் இன்னொரு சாட்சி மட்டுமே.

தேதி வரிசை முக்கியம். முதலில் டோல்கீன் வீட்டுக் குழந்தைகளின் டச்சு பொம்மை ஒன்று. அதைப் பற்றிய கவிதை 1934இல் 'ஆக்ஸ்ஃபோர்டு மேகசின்' இதழில் வந்தது. கல்லறைப் பேய், வில்லோ மரம், கோல்ட்பெரி எல்லாம் அதிலேயே உண்டு. மோதிரமும் மத்திய பூமியும் இல்லை. 1937 டிசம்பரில், 'தி ஹாபிட்' வெளிவந்து மூன்று மாதத்தில், ஆக்ஸ்ஃபோர்டு, பெர்க்‌ஷயர் கிராமப்புறத்தின் மறைந்துவரும் ஆவி என்று டாமைச் சொல்லி, அவரை ஒரு கதையின் நாயகனாக்கலாமா என்று பதிப்பாளரிடம் கேட்கிறார். 1988இல் வெளியான ஆரம்ப வரைவில் டாம் தன்னை அந்த மண்ணின் ஆதிவாசி என்று சொல்லிக்கொள்கிறார். 'மூத்தவன்' என்பது அதற்குப் பிறகு வந்த பாடபேதம். 1954 ஏப்ரலில், அச்சுப்படி படித்துக்கொண்டிருந்த எழுத்தாளர் நவோமி மிட்சிசனுக்கு எழுதும்போது, புராணக் காலத்திலும் சில புதிர்கள் இருக்கத்தான் வேண்டும், டாம் அப்படி வேண்டுமென்றே விட்ட ஒன்று என்கிறார்.

அதே ஆண்டு செப்டம்பரில், ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கத்தோலிக்கப் புத்தகக்கடை மேலாளர் கோல்ட்பெரியின் அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கிறார். டோல்கீன் எழுதிய பதில் வேடிக்கையானது: 'ஹீ இஸ்' என்று வின்ஸ்டன் சர்ச்சிலைப் பற்றியும் சொல்லலாமே! கடவுள் தன்னைப் பற்றித் தன்மையில் பேசுவது வேறு, ஒருவரைப் பற்றிப் படர்க்கையில் சொல்வது வேறு என்கிறார். எழுதிவிட்டு, தன்னைத் தானே ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்வதாகத் தோன்றி, அனுப்பாமல் வைத்துவிட்டார். அனுப்பாத வரைவு என்பதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே நடக்கும் பிழை இரண்டு. 1937 வாசகத்தை எடுத்து 1954 நாவலுக்கு ஒட்டுவது ஒன்று. நடுவில் பதினாறு ஆண்டு ஓடியிருக்கிறது, பாத்திரமும் வளர்ந்துவிட்டது. மற்றது, பொம்மையைக் கண்டுபிடித்ததும் "அவ்வளவுதானா" என்று சோர்வது. அவர் வெளியிலிருந்து இந்தக் கதைக்குள் வந்தவர் என்பது, கதையுலக இனப்பட்டியலில் அவர் ஏன் பொருந்தவில்லை என்பதை நன்றாகவே விளக்குகிறது. ஆனால் அது மூன்றாவது கேள்விக்கான பதில். வெளியிலிருந்து வந்தவரை ஆசிரியர் ஏன் நீக்காமல் வைத்துக்கொண்டார், எல்ரோண்ட் சபையில் அவரைப் பற்றி ஒரு விவாதமே வைத்தார் என்பதற்கு நீங்கள் 7ஆம் படிக்குத்தான் திரும்ப வேண்டும்.

10. அரைப்பக்கம் எழுதுங்கள்

அரைப்பக்கத்துக்கு மேல் போனால் வலிந்து பொருள் சொல்லத் தொடங்கிவிட்டீர்கள் என்று கொள்ளுங்கள். நான்கு கேள்விக்கும் நான்கு பத்தி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் 'நூலில் உள்ளது', 'நூலிலிருந்து ஊகம்', 'என் உணர்வு' என்று மூன்றில் ஒன்றைப் பென்சிலால் குறியுங்கள். 'என் உணர்வு' அதிகமாக இருந்தால் தப்பில்லை. அதை 'நூலில் உள்ளது' என்று காட்டினால்தான் தப்பு.

முதல் கேள்விக்கு "தெரியவில்லை" என்று எழுதலாம். ஆனால் எது தெரியவில்லை என்று வரம்பு கட்டி எழுதுங்கள். "டாம் ஒரு புதிர்" என்பது சோம்பேறி வாக்கியம். "எரூ அல்ல, மையார் என்றால் மோதிரத்தின் முன் அவர் நடத்தை விளங்காமல் நிற்கிறது, நிலத்தோடு பிணைந்தவர், ஆனால் எல்லையைத் தானே வகுத்தவர், இதற்குமேல் நூல் பேசவில்லை" என்பது வேலை செய்தவர் எழுதும் வாக்கியம்.

முடித்ததும் கோல்ட்பெரிக்கு ஒரு புதுத் தாள் எடுங்கள். ஆற்றுப்பெண்ணின் மகள் என்பதைத் தவிர அவளைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை, ஆலோசனைக் கூட்டத்தில் அவள் பேச்சே எழவில்லை. சாட்சிக் கட்டம் ஏறக்குறைய காலியாக இருக்கும்போது இந்தப் படிகளில் எவை தாக்குப்பிடிக்கின்றன என்று அங்கே தெரிந்துவிடும். எனக்கு 3ஆவதும் 8ஆவதும் கைவிட்டன. 5ஆவது மட்டும் கடைசிவரை வந்தது.